லாபம், பணம், மாறுபாடு: ஒரு ஆர்டருக்கு மூன்று கணக்குகள்

நல்ல விற்பனை இருக்கும். ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கில் லாபமும் இருக்கும். ஆனால் சனிக்கிழமை கூலி போடுவதற்கு முதலாளி கைமாற்று கேட்டு அலைவார். திருப்பூர், கரூர், சிவகாசி, கோவை என்று எந்தத் தொழில் நகரத்தில் விசாரித்தாலும், இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன நிறுவனங்களைப் பற்றிச் சொல்வார்கள். காரணம் கேட்டால் போட்டி, நூல் விலை, வரி, ஆள் பற்றாக்குறை என்று வரிசையாக வரும். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் அதே ஊரில், அதே விலைக்கு நூல் வாங்கி, அதே வரியைக் கட்டும் பக்கத்து நிறுவனம் தாக்குப்பிடிக்கிறது. ஒரு முடிவை எடுக்கும் முன் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். அதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலில் எழும் எந்தச் சிக்கலிலும் மூன்று கேள்விகள் உண்டு. இதில் லாபம் உண்டா என்று கணக்கியல் கேட்கிறது. அந்தப் பணம் எப்போது கைக்கு வரும், அதுவரை யார் பணத்தை என்ன வட்டிக்குப் போட்டு ஓட்டுவது என்று நிதியியல் கேட்கிறது. நாம் எழுதிய எண்கள் நாளைக்கும் அப்படியே இருக்குமா, எவ்வளவு ஏறி இறங்கும் என்று புள்ளியியல் கேட்கிறது. ஒன்றை மட்டும் கேட்டு முடிவெடுத்தால் விடை தவறாகப் போகலாம். மூன்றையும் ஒரே சிக்கலின் மீது, ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

தொழிலில் பிறந்த கணக்குகள்

இந்த மூன்று துறைகளின் வளர்ச்சியில் வணிகர்களுக்கும் ஆலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூகா பாச்சோலி 1494-இல் தம் கணித நூலில் விளக்கி அச்சேற்றினார். நம் நாட்டில் நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்தியபோது, முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணையில் கடல் கடந்து போயிருப்பார். இருவருக்கும் இடையே நம்பிக்கையைக் காத்தவை குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும். எங்கோ இருக்கும் முதலுக்கு இங்கிருந்து பொறுப்புக் கேட்க அவை பயன்பட்டன.

புள்ளியியலிலும் இதைக் காணலாம். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், சில மாதிரிகளை மட்டும் வைத்து எவ்வளவு உறுதியாக முடிவு சொல்லலாம் என்ற ஆலையின் சிக்கலுக்கு விடை தேடினார். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் 1908-இல் வெளியிட்ட ஆய்வு இன்று உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகளின் தரத்தைக் காக்க வால்டர் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸின் அழைப்பில் அதே ஷூவார்ட் 1947-48-இல் இந்தியா வந்தார். 1950-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு இம்முறையைக் கற்பித்தார். அவர் பெயரால் ஜப்பான் வழங்கும் தர விருதை இந்தியாவிலிருந்து முதலில் பெற்றது, 1998-இல், சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

தொழிற்கூடத்தில் ஒன்றாக இருந்த இவை கல்லூரிக்குள் போனதும் தனித்தனித் தாள்களாகிவிட்டன. பி.காம். மாணவர் அடக்கவிலைக் கணக்கை ஒரு பருவத்திலும், நிதி மேலாண்மையை இன்னொரு பருவத்திலும், புள்ளியியலை வேறொரு பருவத்திலும் எழுதித் தேறுகிறார். மூன்றும் சேர்ந்து ஒரே சிக்கலை எப்படித் தீர்க்கின்றன என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பது அரிது.

ஒரு ஆர்டர்: லாபம் உண்டா?

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையாக எடுத்துக்கொண்டவை, கணக்கு உண்மையானது.

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு டி-சர்ட் தைக்கும் ஒரு சிறிய யூனிட். ஜிஎஸ்டி சேர்க்காத விலை பீஸுக்கு 160 ரூபாய். நூல், நிட்டிங், டையிங் எல்லாம் சேர்ந்து துணிக்கு 78 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் கூலி 42. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டிக்கு 10. வண்டி வாடகை, கமிஷன் 5. ஆக, பீஸுக்கு மாறும் செலவு 135 ரூபாய். கட்டட வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், மிஷின் கடன் வட்டி என்று, தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஆகும் நிலையான செலவு மாதம் 4 லட்சம்.

ஒரு பீஸ் விற்றால் மாறும் செலவு போக 25 ரூபாய் மிஞ்சுகிறது. கணக்கியலில் இதற்குப் பங்களிப்பு என்று பெயர். 4 லட்சத்தை 25-ஆல் வகுத்தால் 16,000. மாதம் 16,000 பீஸ் தைத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்த யூனிட் 20,000 பீஸ் தைக்கிறது. லாபம் 1 லட்சம். நிலையான செலவைப் பங்கிட்டால் பீஸுக்கு 20 ரூபாய் விழும். முழு அடக்கவிலை 155, லாபம் 5.

இந்த நிலையில் ஒரு மொத்த வியாபாரி வந்து, 148 ரூபாய்க்குக் கூடுதலாக 5,000 பீஸ் கேட்கிறார். அடக்கவிலையே 155 என்று பார்த்தால் பீஸுக்கு 7 ரூபாய் நட்டம். முதலாளி முடியாது என்று சொல்லிவிடுவார். ஆனால் நிலையான செலவு ஏற்கெனவே 20,000 பீஸில் வந்துவிட்டது. மிஷின் சும்மா நிற்கும் நேரத்தில் இதைத் தைக்க முடியுமானால் கூடுதலாக ஆவது 135 மட்டுமே. பீஸுக்கு 13 ரூபாய் வீதம் 65,000 ரூபாய் லாபம் கூடும். ஓவர்டைம் போட வேண்டி வந்து பீஸுக்கு 8 ரூபாய் ஏறினால் அதுவே 25,000 ஆகிவிடும். இந்த விலை வழக்கமான வாடிக்கையாளர் காதுக்குப் போய், அவரும் 148-க்குக் கேட்டால், 20,000 பீஸில் 12 ரூபாய் வீதம் மாதம் 2,40,000 போய்விடும். எனவே தனிச் சந்தை, சும்மா நிற்கும் மிஷின், ஒருமுறை ஆர்டர் என்ற மூன்றும் பொருந்தினால்தான் இந்த விலைக்கு ஒப்புக்கொள்ளலாம்.

நிலையான செலவைப் புரிந்துகொண்டு பெரிய காரியம் சாதித்ததற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவரின் நேரம்தான் அங்கே மிக அரிய முதல். அது வீணாகாமல் இருந்ததால் ஒரு அறுவைக்கு விழும் நிலையான செலவு குறைந்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரித்ததும் மாறும் செலவும் குறைந்தது. கட்டணம் கட்டுவோரின் வருவாயில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முடிந்ததற்குப் பின்னால் கருணையோடு இந்தக் கணக்கும் இருக்கிறது.

பணம் எப்போது வரும்?

ஆர்டருக்குத் திரும்புவோம். 65,000 ரூபாய் லாபம் என்று கணக்கியல் சொல்லிவிட்டது. வியாபாரி 90 நாள் கடன் கேட்கிறார். துணி வாங்கி, தைத்து அனுப்ப 20 நாள். 5,000 பீஸுக்கு 6,75,000 ரூபாயை முன்னால் போட்டுவிட்டு 110 நாள் காத்திருக்க வேண்டும். வங்கியில் 12 விழுக்காட்டுக்குக் கடன் இருந்தால் வட்டி சுமார் 24,400, மிச்சம் 40,600. வங்கி வரம்பு தீர்ந்து, வெளியே இரண்டு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காட்டுக்கு வாங்கினால் வட்டி 48,800. மிச்சம் சுமார் 16,200. விலை மாறவில்லை, துணி மாறவில்லை. பணம் எப்போது வருகிறது, அதுவரை எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் லாபம் கால் பங்காகச் சுருங்கிவிட்டது.

சிறுதொழிலுக்கு வங்கிகள் நடைமுறை மூலதனக் கடன் தருவதில் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனம் தேவை என்று கொண்டு, விற்றுமுதலில் 20 விழுக்காட்டை வங்கி தரும். 5 விழுக்காட்டை உரிமையாளர் போட வேண்டும். இதற்குள் ஒரு ஊகம் பொதிந்திருக்கிறது. ஆண்டில் நாலில் ஒரு பங்கு என்றால் மூன்று மாதம். போட்ட பணம் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நூல் வாங்கிய நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை நான்கு, ஐந்து மாதம் ஆகும் நிறுவனத்துக்கு அந்த வரம்பு போதாமல் போக வாய்ப்பு அதிகம். அங்கேதான் வெளிவட்டி உள்ளே நுழைகிறது. விற்பனையைக் கூட்டக் கூட்ட இந்தப் பள்ளமும் ஆழமாகும். வளர்கிற நிறுவனம் பணமில்லாமல் திணறுவது இதனால்தான்.

சட்டம் இதில் துணைக்கு வந்திருக்கிறது. 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். 2023-இன் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவின்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். ரிசர்வ் வங்கியின் 2014 வழிகாட்டுதல்களின்படி அமைந்த ட்ரெட்ஸ் தளங்களில் பெரிய நிறுவனங்களின் பில்லை முன்கூட்டியே காசாக்கலாம். இந்தச் சலுகைகளைக் கேட்க, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற வயதுப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். நம் சிறு நிறுவனங்கள் பலவற்றில் அந்தப் பட்டியல் இல்லை.

நூற்றுக்கு நான்கு

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 5,000 பீஸும் நல்ல பீஸாக வந்துவிடும் என்று வைத்துத்தான் இதுவரை கணக்குப் போட்டோம். எண்ணெய்க் கறை, ஊசித் துளை, ஷேடு வேறுபாடு, தையல் விட்டுப்போனது என்று நூற்றுக்கு நான்கு கழிந்தால் 200 பீஸ் போகும். அவற்றைச் செகண்ட்ஸாக 50 ரூபாய்க்குத் தள்ளினால் பீஸுக்கு 98 ரூபாய் வீதம் 19,600 நட்டம். வங்கிக் கடனில் ஓட்டியவருக்கு இன்னும் 21,000 மிஞ்சும். வெளிவட்டிக்கு வாங்கியவருக்கு 3,400 ரூபாய் நட்டம். கழிவு நூற்றுக்கு மூன்றாக இருந்திருந்தால் அவருக்கும் ஏறத்தாழ 1,500 மிஞ்சியிருக்கும்.

முதலில் நட்டம் என்று தோன்றிய ஆர்டர் பிறகு லாபமானது. வட்டியைப் போட்டதும் சுருங்கியது. கழிவைப் போட்டதும் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு நட்டமாகவும் முடிந்தது. மூன்று கணக்கையும் போடாமல் யாரும் இதற்குச் சரியான விடை சொல்லியிருக்க முடியாது.

கழிவு நாளுக்கு நாள் மாறும் என்பதும் முக்கியம். தினமும் 200 பீஸ் எடுத்துச் சோதிக்கிறோம். சராசரியாக 8 கழிகிறது என்று கொள்வோம். ஒருநாள் 13 கழிந்தால் மேற்பார்வையாளர் டெய்லரைத் திட்டுவார். ஷூவார்ட்டின் முறைப்படி கணக்கிட்டால் திட்டவிலக்கம் சுமார் 2.8 பீஸ், மும்மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் மேல் எல்லை ஏறத்தாழ 16. ஆகவே 13 என்பது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கிறது. அன்று தனியாக ஒருவரைக் குறை சொல்ல நியாயமில்லை. 17 கழிந்தால்தான் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. ஊசி மழுங்கியதா, துணி லாட் மாறியதா, புது ஆள் உட்கார்ந்தாரா என்று அன்றைக்கே தேட வேண்டும். சராசரி எட்டே அதிகம் என்றால், ஆளைத் திட்டிப் பயனில்லை. மிஷின், துணி, வேலைமுறை ஆகியவற்றை மாற்ற வேண்டும். அது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளியின் மரியாதையைக் காக்கவும் புள்ளியியல் உதவும் என்பதற்கு இது சான்று.

துணியிலும் இதே கதைதான். துணி கிலோக் கணக்கில் வருகிறது. சட்டை பீஸ் கணக்கில் போகிறது. 170 ஜிஎஸ்எம் கேட்ட துணி 180-ஆக வந்தால் ஒரு பீஸுக்கான எடை பதினேழில் ஒரு பங்கு கூடும். 78 ரூபாய்த் துணியில் அது சுமார் 4 ரூபாய் 60 காசு. பீஸுக்கு லாபமே 5 ரூபாய்தான். சதுர மீட்டருக்குப் பத்து கிராம் கூடினால் மாத லாபம் ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்படும். மில்லுக்காரர் சராசரி 170 என்று சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் பாதி ரோல் 160, பாதி 180 என்றால், கனமான ரோல் லாபத்தைத் தின்னும். மெலிந்த ரோலை வாங்குபவர் திருப்பி அனுப்புவார். சராசரியோடு பரவலையும் கேட்க வேண்டும். வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டரும் ஒரு சிறிய தராசும் போதும்; ஒவ்வொரு லாட்டிலும் சில ரோல்களை எடுத்து எடை போட்டு எழுதி வைப்பதுதான் வேலை.

விலை ஏற்ற இறக்கமும் மாறுபாடுதான். 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் அடைப்பே நடந்தது. இன்றைய நூல் விலையில் மூன்று மாதத்துக்குப் பிந்தைய ஆர்டருக்கு விலை ஒப்புக்கொள்பவர், நூல் 10 விழுக்காடு ஏறினால் என்ன, 20 ஏறினால் என்ன என்று இரண்டு வரி கூடுதலாக எழுதிப் பார்க்க வேண்டும்.

மிஷின் வாங்கலாமா?

நீண்டகால முதலீட்டில் தவறு செய்தால் திரும்புவது கடினம். 12 லட்ச ரூபாய் மிஷின் ஆண்டுக்கு 3 லட்சம் மிச்சப்படுத்தும். ஐந்து ஆண்டு உழைக்கும். நாலு வருடத்தில் போட்டது வந்துவிடும், ஐந்தாவது வருடம் லாபம் என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் ஐந்தாம் ஆண்டு வரும் 3 லட்சம் இன்றைய 3 லட்சம் ஆகாது. 12 விழுக்காட்டில் கழித்துப் பார்த்தால் ஐந்து ஆண்டு வரவின் நிகழ்கால மதிப்பு 10.8 லட்சம்தான், 1.2 லட்சம் குறைகிறது. வட்டி 7 விழுக்காடானால் அதே வரவு 12.3 லட்சம் மதிப்புப் பெறும், மிஷின் வாங்கலாம். ஒன்றிய அரசு 1999-இல் கொண்டுவந்த ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டியில் 5 விழுக்காட்டுப் புள்ளிகளைத் திருப்பித் தந்தது ஏன் பெரிய மாற்றத்தைத் தந்திருக்கக்கூடும் என்பது இந்த எளிய கணக்கிலேயே விளங்கும். மானியத்தைக் கேட்கும் முன்பும், கைவிடும் முன்பும் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கணக்கின் எல்லைகள்

இந்த முறைகளுக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அடக்கவிலை என்பதே பங்கீட்டைப் பொறுத்தது என்ற விமரிசனம். தாமஸ் ஜான்சனும் ராபர்ட் கேப்லனும் 1987-இல் எழுதிய நூலில், பொதுச் செலவை வெறும் கூலி நேரத்தின்படி பங்கிடும் பழைய முறை மேலாளர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது என்று வாதிட்டார்கள். நியாயமான வாதம். பத்து வண்ணத்தில் சிறு ஆர்டரும், ஒரே வண்ணத்தில் பெரிய ஆர்டரும் தைக்கும் யூனிட்டில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் நூல் மாற்ற, அளவு சரிசெய்ய ஆகும் நேரத்தைச் சிறு ஆர்டரின் தலையில்தான் எழுத வேண்டும். எல்லாப் பீஸுக்கும் சமமாகப் பிரித்தால் பெரிய ஆர்டர் சிறியதற்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எண்களையே பொய்யாக்கலாம். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பணம் ஏட்டில் மட்டுமே இருப்பதாக ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பை வங்கியிடமே நேரில் உறுதிப்படுத்துவது எவ்வளவு அவசியம் என்பது அப்போது நாட்டுக்கே புரிந்தது.

மூன்றாவது, என் பார்வையில் மிகக் கனமானது: எழுதப்படாத செலவு. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவைப் பல ஆண்டுகள் யாரும் பீஸ் விலையில் சேர்க்கவில்லை. அதை நொய்யலும், ஒரத்துப்பாளையம் அணையும், கீழ்ப்பகுதி விவசாயிகளும் சுமந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது அந்தச் செலவு முழுவதுமாக ஒரே நாளில் வந்து விழுந்தது. கழிவை வெளியேற்றாத சுத்திகரிப்பு இன்று டையிங் கட்டணத்தில் ஒரு பகுதி. அன்றே அதைக் கணக்கில் எழுதியிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், பல ஆலைகளும் பிழைத்திருக்கும்.

அனுபவம் போதாதா என்றும் கேட்பார்கள். முப்பது ஆண்டு தொழில் செய்தவரின் கைத்தொடுதலுக்குத் துணியின் தரம் தெரியும். எந்த வியாபாரி ஏமாற்றுவார் என்று அவர் மனம் சொல்லும். அந்த அறிவை எந்தச் சூத்திரமும் தராது. ஆனால் ஒரே ஆர்டரில் வட்டி, கழிவு, நூல் விலை மூன்றும் சேர்ந்து அசையும்போது மனக்கணக்கு தடுமாறும். எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று அனுபவம் சொல்லட்டும். அது எவ்வளவு என்று கணக்கு சொல்லட்டும்.

இனிச் செய்ய வேண்டியது

கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு சிறு நிறுவனங்களிலும் டேலி போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பில்லும் ஏறுகிறது. ஆனால் பல இடங்களில் அந்தத் தரவு ரிட்டர்ன் தாக்கல் செய்வதோடு தூங்கிவிடுகிறது. அதே தரவிலிருந்து வாரம் ஒருமுறை நான்கு எண்களை எடுக்கலாம்: பீஸுக்கு மிஞ்சும் பங்களிப்பு, பாக்கிகளின் சராசரி வயது, அடுத்த எட்டு வாரங்களுக்கான பண வரவு செலவு மதிப்பீடு, கழிவின் சராசரியும் ஏற்ற இறக்கமும். ஒரு கணக்கருக்கு இது சில மணி நேர வேலைதான்.

தொழில் நகரங்களின் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வணிகவியல் மாணவரின் இறுதியாண்டுத் திட்டப் பணியாக, பக்கத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் ஒரே ஒரு ஆர்டரைக் கொடுங்கள். அடக்கவிலை, வட்டி, மாறுபாடு மூன்றையும் அவர் ஒரே தாளில் போட்டு, முதலாளியின் முன் வைக்கட்டும். தொழில்துறைச் சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் இதற்குத் தங்கள் உறுப்பினர்களின் கதவைத் திறந்துவிடட்டும். மாணவருக்கு மூன்று தாள்களும் ஒன்றாகப் புரியும். நிறுவனத்துக்குச் செலவில்லாமல் ஒரு கணக்கு கிடைக்கும்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். அடுத்த ஆர்டருக்குச் சரி என்று சொல்லும் முன் மூன்று வரி எழுதுங்கள்: என்ன மிஞ்சும், எப்போது வரும், எவ்வளவு மாறும். மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு அதை ஏற்றாலும் சரி, மறுத்தாலும் சரி. அது நீங்கள் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.